கொடுத்த கைக்குப் பொறுப்பில்லையா?

கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்தால் ஒருநாளேனும் அவர்களை வெளியே அழைத்துச் செல்வது நம் இல்லத்து வழக்கம். சென்ற மே மாதம் வெள்ளிமலைக்குச் சென்றோம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் அமைந்த ஊர் அது. பொழுது சாயுமுன் வீடு திரும்பி உண்ண வேண்டுமாதலால், கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் எடுத்துக்கொண்டு விடியலிலேயே புறப்பட்டோம். கச்சிராயபாளையத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, "குரங்குகளுக்குக் கொடுக்கலாம்" என்று குழந்தைகளிடம் கூறியவர் நாமே.

கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறியபோது, ஆறு வயதுப் பேத்தி சன்னல் வழியே ஒரு பழத்தை எறிந்தாள். அது நடுச்சாலையில் விழுந்தது. குட்டியை வயிற்றில் சுமந்த தாய்க்குரங்கு அதனை எடுக்க ஓடி வரவும், வளைவில் ஒரு பேருந்து இறங்கி வரவும் சரியாக இருந்தது. ஓட்டுநர் சட்டென்று நிறுத்தியதால் இரண்டு உயிர்கள் பிழைத்தன.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர்ப் பேத்தி, "பசித்த உயிருக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பாட்டி?" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. தவறு நம்முடையதே என்பதை மட்டும் அவளிடம் ஒப்புக்கொண்டோம்.

எண்ணம் நல்லதாயின் போதாதா? தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்குமிடத்துக் கவனமின்மையையே முன்வைக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாதிருப்பது மட்டும் அகிம்சையாகாது, விழிப்பும் வேண்டும். தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்கு, காட்டுக் கனிகளைக் கன்னப்பைகளில் சேர்த்துச் சென்று, விதைகளை ஆங்காங்கே உமிழ்ந்து காட்டை வளர்ப்பது. சாலையில் உணவு கிடைக்கப் பழகினால் அங்கேயே காத்திருக்கும், வண்டியில் அடிபடும், பறித்துண்ணவும் துணியும். பிறகு அதனையே குற்றவாளியாக்கி விரட்டுவோம்.

எனினும், "கொடுக்காதே" என்று மட்டும் குழந்தைக்குக் கற்பிப்பதும் தீங்கே. நீளும் கை ஒருமுறை சுருங்கிவிட்டால் மீண்டும் விரிப்பது எளிதன்று. இதற்கு என்ன செய்வதென்ற கவலையோடுதான் பெரியார் அருவிக்குச் சென்றோம். கோடையாதலால் நீர் மெலிந்தே வீழ்ந்தது. எஞ்சிய பழங்களை நாங்களே உண்டு, தோல்களைப் பையிலிட்டு வீட்டிற்கே கொண்டுவந்தோம்.

மறுநாள் காலை, காகங்களுக்கு நீர் வைக்கும் மண்சட்டியைக் காட்டி, "பாட்டி, இதுவும் தவறா?" என்று பேத்தி கேட்டாள். அவள் கேள்வியிலேயே நமக்கு விடை கிடைத்தது. "இல்லையம்மா. இங்கே நாளையும் நாம் இருப்போம். சட்டியைக் கழுவுவோம், நீரை மாற்றுவோம், பூனை பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். அங்கே எறிந்துவிட்டுப் போய்விடுகிறோம்" என்றோம். அன்றுமுதல் ஊர் திரும்பும் வரை சட்டியைக் கழுவும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள்.

கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. கொடுத்ததன் விளைவும் நம்மைச் சார்ந்ததே. விடுமுறையில் குழந்தைகளை மலைக்கும் காட்டிற்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.