பஞ்சவடியில் இளையபெருமாள்



அகஸ்த்ய மஹர்ஷி தம் ஆச்ரமத்திலிருந்து இரண்டு யோஜனை தூரத்திலுள்ள பஞ்சவடியைக் காட்டிக்கொடுக்க, பெருமாளும் பிராட்டியும் இளையபெருமாளும் அங்கே எழுந்தருளினார்கள். ஊர் தெரிந்துவிட்டது, குடியிருக்கும் இடம் தெரியவில்லை. நீரும் ஸமித்தும் பூவும் தர்ப்பையும் அருகில் கிடைக்கும்படியாக, மூவர் மனமும் உகக்கும்படியாக ஓரிடத்தை நீயே பார் என்று பெருமாள் தம்பியை நியமித்தார். இளையபெருமாளோ கைகூப்பி நின்றார். நூறாண்டுகள் சென்றாலும் தாம் பரதந்த்ரனே என்றும், இடத்தைத் தேவரீரே திருவுள்ளம் பற்றிக் கட்டும்படி ஏவவேணும் என்றும் விண்ணப்பித்தார். ஆரண்ய காண்டத்தின் 15ஆம் ஸர்க்கத்தில் உள்ள இவ்வார்த்தையைப் பாரதந்த்ர்யத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது நம் ஸம்ப்ரதாய வழக்கம். வீடு தேடி அலையும் அடியார்க்கு இதில் வேறொன்றும் கிடைக்கிறது.

சென்ற ஆண்டு உத்யோக நிமித்தமாக டொராண்டோவில் குடியேறிய அடியோங்கள் மூன்று மாதங்கள் வாடகை வீடு தேடினோம். கிரெடிட் ஸ்கோர் என்ன என்பார்கள். அந்நாட்டில் கால்வைத்து இருபது நாளானவர்க்கு அது எங்கிருந்து வரும்? முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பார்கள். அது அம்மாகாணத்துச் சட்டம் இசைந்ததே. அதற்கு மேலும் கேட்பவர்கள் உண்டு. திருவாராதனப் பெருமாள் ஓர் அன்பர் இல்லத்து அலமாரியின் மேல்தட்டில் எழுந்தருளியிருந்தார். ஒவ்வொரு மறுப்பு வரும்போதும் அவரைத்தான் முதலில் பார்த்தோம்.

ப்ரபந்நன் இதற்கெல்லாம் அலையலாமா, அவன் பார்த்துக்கொள்வான் என்று இருக்கவேண்டாவோ என்று சிலர் கேட்டனர். மோக்ஷத்தை வேண்டியவன் வாடகை வீட்டையும் வேண்டுவது ஸ்வரூபத்துக்குச் சேருமோ என்றார் வேறு சிலர். வீடு என்றாலே ஆழ்வார்கள் பரிபாஷையில் மோக்ஷம் அன்றோ!

முதற்கேள்விக்கு இளையபெருமாளே விடை. பெருமாள் கையைப் பிடித்து இடத்தைக் காட்டியபின் அவர் சும்மா இருக்கவில்லை. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினார், தூண் நட்டார், நெடுமூங்கிலை உத்தரமாக்கினார், வன்னிக் கிளைகளைப் பரப்பிக் கயிற்றால் கட்டி, நாணலும் தர்ப்பையும் இலையும் வேய்ந்தார். ‘நான் பரதந்த்ரன்’ என்று சொன்ன கைகள் செய்த வேலை இது. ஆகையால் விளம்பரம் பார்ப்பதும், தொலைபேசியில் அழைப்பதும், பனியில் பேருந்துக்கு நிற்பதும் விச்வாஸத்துக்கு விரோதம் அல்ல.

இரண்டாவது கேள்வி நுட்பமானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ப்ரயோஜநாந்தரம் வேண்டலாகாது என்பது உண்மை. ஆயினும், எனக்கு வீடு வேண்டும் என்பதும், ‘எங்கே இருந்து தேவரீருக்குத் திருவாராதனம் ஸமர்ப்பிப்பது என்று காட்டியருள வேணும்’ என்பதும் ஒன்றல்ல. பின்னது சேஷபூதன் கேட்கவேண்டிய கேள்வி. இளையபெருமாள் கேட்டதும் அதுவே. குடில் முடிந்தவுடன் கோதாவரியில் நீராடித் தாமரை கொணர்ந்து, விதிப்படி சாந்தி செய்த பின்னரே அதைப் பெருமாளுக்குக் காட்டினார். பெருமாள் தம்பியைத் தழுவிக்கொண்டு, இத்தழுவலையே பரிசாகத் தந்தார்.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. பெருமாள் தாமே தேர்ந்த அந்தக் குடிலிலிருந்துதான் பிராட்டியை ராவணன் கவர்ந்து சென்றான். அவன் காட்டிய இடமாயின் துன்பமே வாராது என்று எண்ணி விச்வஸிப்பவர், முதல் குளிரில் வெப்பக்கருவி பழுதானாலே கலங்கிவிடுவர். இளையபெருமாளோ, தேவரீர் பார்த்த இடம் இப்படி ஆயிற்றே என்று ஒருநாளும் சொன்னாரல்லர். வில்லோடு உடன் நடந்தார்.

நான்காம் மாதம் ஒரு வீட்டின் கீழ்த்தளம் கிடைத்தது. பேஸ்மென்ட்தான், இரண்டு அறைகள், ஒரு சிறு ஜன்னல். இவ்வளவு இடுக்கில் பெருமாளை எப்படி எழுந்தருளப் பண்ணுவது என்று க்ருஹத்தில் வருந்தியபோது, திருக்கோவலூர் இடைகழி நினைவுக்கு வந்தது. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் போதுமான இடம். மூன்று ஆழ்வார்கள் நின்றபின் நான்காமவர்க்கு இடமில்லாத அவ்விடத்திலே அன்றோ அவன் விரும்பி வந்து நெருக்கினான்! கோயிலாழ்வார் இப்போது ஜன்னலுக்குக் கீழே எழுந்தருளியிருக்கிறார். கூரை தாழ்வு, தீர்த்தம் பெற வரும் உயரமான ஸ்வாமிகள் சற்றுக் குனிந்தே நிற்கிறார்கள்.