அமானிதமாய் வந்த பிள்ளை

பிள்ளையைத் தொலைதூரக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோரை இரயில் நிலையங்களில் கண்டிருப்பீர்கள். பெட்டியையும் படுக்கையையும் விடுதியில் இறக்கி வைத்தாகிவிட்டது. கட்டணத்துக்கு இரசீதும் பெற்றாகிவிட்டது. ஆயினும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்களைப் போல் அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பதினெட்டு ஆண்டுகள் கண்ணுக்குள் வைத்துக் காத்த ஓர் உயிரை, முன்பின் அறியாத சிலரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். நம் வழக்கில் அதற்கு அமானிதம் என்று பெயர்.

அந்தப் பிள்ளை தேர்வில் தவறினால் கல்லூரி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். விதியை மீறினால் என்ன செய்யும் என்பதும் தெரியும். அதன் மனம் உடைந்துபோனால் என்ன செய்யும்? உறக்கம் போய், உணவு கசந்து, 'இனி வாழ்ந்து என்ன பயன்?' என்று ஒரு நள்ளிரவில் அது வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதைக் கேட்ட நிறுவனத்தின் கடமை யாது? செல்வமும் புகழும் மிக்க மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களே இக்கேள்விக்கு விடை காணத் தடுமாறியிருக்கின்றன. அவற்றின் அனுபவத்தை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தரும்.

2004 ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகரிலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பயின்றுவந்தார். முன்னதாக அவருடைய நெருங்கிய நண்பர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துயரம் இவரையும் மெல்லப் பற்றியது. தம் எண்ணங்களைக் கண்டு தாமே அஞ்சிய அந்த இளைஞர், அக்டோபர் மாதத்து இரவொன்றில் தாமாகவே மருத்துவமனைக்குச் சென்று தம்மைக் காக்குமாறு வேண்டினார். அறிவுள்ள எவரும் பாராட்டக்கூடிய செயல் இது. பல்கலைக்கழகமோ, அவர் இனி விடுதிக்குத் திரும்பலாகாது என்று கடிதம் அனுப்பியது. ஆபத்தான நடத்தை என்று சொல்லி ஒழுங்கு நடவடிக்கையும் தொடுத்தது. இடைநீக்கமோ நிரந்தர நீக்கமோ நேரலாம் என்ற நிலையில் அவர் தாமே விலகிக்கொண்டார். 2005 இல் அவர் தொடுத்த வழக்கு 2006 இல் சமரசத்தில் முடிந்தது.

பல்கலைக்கழகத்தைப் பழிப்பது எளிது. அதன் இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். ஒரே அறையில் தங்கியிருக்கும் மற்ற மாணவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகளே. பேராசிரியர்கள் மருத்துவர்கள் அல்லர். வழக்குகளைப் பற்றிய அச்சமும் உண்டு. எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்ப நிறுவனத்தில் 2000 ஆம் ஆண்டு மாணவி ஒருவர் இறந்தார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில், மருத்துவர் அல்லாத நிர்வாகிகள் சிலரும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டும் என்று 2005 இல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். ஒரு மரணம் தங்கள் வளாகத்தில் நிகழ்ந்துவிடுமோ என்ற அச்சம் நிர்வாகங்களை ஆட்டிவைத்ததில் வியப்பில்லை.

ஆனால், 'தங்கள் வளாகத்தில்' என்ற அந்தச் சொற்களிலேதான் கோளாறு இருக்கிறது. மாணவர் வாழ வேண்டும் என்பது ஒரு கவலை. மாணவர் இங்கே இறந்துவிடக் கூடாது என்பது வேறொரு கவலை. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முதலாவது கவலை பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்ளச் சொல்லும். இரண்டாவது அதன் பெட்டியைக் கட்டச் சொல்லும். அடைக்கலமாக வந்த பாத்திரத்தில் கீறல் கண்டதும் அதைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்துபவன், பொருளைத் திருப்பிக் கொடுத்தவன் ஆவானா?

தீங்கு அந்த ஒரு மாணவரோடு நின்றுவிடுவதுமில்லை. உதவி கேட்டவர் வெளியேற்றப்பட்டார் என்ற செய்தி விடுதியின் அறைதோறும் பரவும். அதே வேதனையில் உழலும் இன்னும் பத்துப் பேர், 'வாய் திறந்தால் படிப்புப் போய்விடும்' என்ற பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள். பேசியவரைத் தண்டிக்கும் நிறுவனம், பேசாதவர்களின் மௌனத்தை வளர்க்கிறது. அந்த மௌனமே ஆபத்தானது.

அப்படியானால் நோயுற்ற மாணவரை வீட்டுக்கு அனுப்பவே கூடாதா? அவ்வாறு சொல்வது அறியாமையாகும். சில வேளைகளில் தாயின் மடியும் மருத்துவரின் கவனிப்பும் வகுப்பறையைவிட இன்றியமையாதவை. அனுப்பும் முறையிலேதான் நீதி இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் மனநலக் காரணத்தால் விலகிய மாணவர்கள், வளாகத்துக்குள் வரவே தடைசெய்யப்பட்டு, மீண்டும் சேர்வதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிய நிலை முன்பு இருந்தது. இதை எதிர்த்து 2022 நவம்பரில் மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜனவரியில் பல்கலைக்கழகம் தன் விதியை மாற்றிக்கொண்டது. 'விலகல்' என்றிருந்தது 'விடுப்பு' ஆயிற்று. விடுப்பிலிருப்போர் மருத்துவக் காப்பீட்டைத் தொடரவும் வளாகத்துக்கு வந்துபோகவும் வழி பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏற்பட்ட சமரசம், அவசர மருத்துவத் தேவையுள்ளோர் பாடங்களைக் குறைத்துக்கொண்டு படிக்கவும் இடமளித்தது. விலகல் என்றால் கதவு மூடிவிட்டது. விடுப்பு என்றால் கதவு திறந்திருக்கிறது. மனம் தளர்ந்த ஒருவருக்கு இது சொல் விளையாட்டன்று. நாளை என்று ஒன்று உண்டு என்ற உறுதி.

வெளியேற்றுவது ஒருவகைத் தவறென்றால், கண்டும் காணாமல் விதியை மட்டும் பற்றிக்கொள்வது இன்னொருவகைத் தவறு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற மாணவி ஒருவருக்குப் பலர் முன்னிலையில் பேசுவதில் கடும் அச்சம். அது வெறும் கூச்சமன்று, நோய். ஆயினும் வாய்மொழியாக விளக்கும் தேர்வு முறை மாற்றமின்றித் தொடர்ந்தது. பெரிய அரங்கொன்றில் அவர் பேச வேண்டியிருந்த 2018 ஏப்ரல் 30 அன்று அவர் உயிர் நீத்தார். உரிய மாற்று ஏற்பாட்டைச் செய்யத் தவறியது பாகுபாடே என்று 2022 இல் நீதிமன்றம் கூறியது. 2024 இல் உயர்நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. ஒரு தேர்வை எழுத்தில் வாங்கிக்கொள்வதால் கல்வியின் தரம் இடிந்து விழுந்துவிடுமா?

கடமையின் எல்லைதான் எது? 2018 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவு வகுத்தது. மாணவரின் மனத்துள் மறைந்திருப்பதையெல்லாம் பல்கலைக்கழகம் அறிந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. மாணவர் உயிரை மாய்க்க முயன்றதையோ, அதற்கான திட்டத்தையோ நோக்கத்தையோ வெளியிட்டதையோ உறுதியாக அறிந்தபின், நியாயமான நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவர் மறுத்தால் அவசரத் தொடர்புக்கெனக் குறித்துத் தந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல அண்டை வீட்டார் செய்வதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

நம் பிள்ளைகள் பயிலும் நம் நாட்டிலும் சட்டம் இத்திசையில் நடந்திருக்கிறது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்பது 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆனால் ஆலோசகரின் அறை இருந்தால் போதாது. அதனுள் நுழைவதால் எதையும் இழக்க நேராது என்ற நம்பிக்கை மாணவருக்கு வேண்டும்.

இவ்வளவும் கல்விக்கூடத்தைப் பற்றிச் சொன்னோம். நம் வீட்டைப் பற்றியும் ஒரு சொல். விடுதியிலிருந்து மகள் தொலைபேசியில், 'வாப்பா, என்னால் முடியவில்லை' என்று அழும்போது, 'நாலு பேருக்குத் தெரிந்தால் என்னாகும்? நாளை நிக்காஹ் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?' என்று வாயடைப்போர் நம்மில் இல்லையா? பெயருக்கு அஞ்சிப் பிள்ளையை அனுப்பிவிடும் நிர்வாகத்துக்கும், பெயருக்கு அஞ்சிப் பிள்ளையின் வாயை மூடும் குடும்பத்துக்கும் என்ன வேற்றுமை? கல்லூரி அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பத் துணியாமல் இருப்பதற்கே சில வேளைகளில் நம் வீடு காரணமாகிவிடுகிறது. திரும்பிச் செல்ல இடமில்லாத பிள்ளைக்கு விடுப்பும் தண்டனையே.

ஆகவே கல்லூரியில் சேர்க்கும் நாளில், கட்டணத்தையும் உணவையும் விசாரிப்பது போலவே, 'என் பிள்ளை மனம் தளர்ந்தால் யாரிடம் செல்ல வேண்டும்? சென்றால் அதன் இடம் நிலைக்குமா?' என்று கேட்டுவிட வேண்டும். 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' என்னும் அரசின் இலவச உதவி எண் 14416 ஐப் பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பட்டம் இல்லாமல் வந்தாலும் வா. நீ வந்தால் போதும்' என்ற சொல்லை விடைபெறும்போதே சொல்லிவிட வேண்டும்.

அமானிதத்தைக் காப்பதாக ஏற்றவர்களுக்குக் கடமை உண்டு. அதை ஒப்படைத்தவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. இடையில் நிற்கும் பிள்ளைக்கு, இரு கதவுகளும் திறந்திருப்பது தெரிய வேண்டும்.