தொழத் தெரிந்தவர் தொழக் கற்றார்

 

நாம் தொழக் கற்றது எப்போது? ஏழு வயதில், உஸ்தாதின் பிரம்புக்குப் பயந்து. அன்று கற்றதோடு சரி. நாளொன்றுக்கு பர்ளு மட்டுமே 17 ரக்அத். வீட்டில் தனியாகத் தொழும் நம் தாய்மார்கள் அதில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ‘அல்ஹம்து’ சூரா ஓதுகிறார்கள். இத்தனை முறை ஓதியதை இனி யாரிடம் போய்க் கற்பது என்றுதானே நினைக்கிறோம்?

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியில் இருக்கையில் ஒரு மனிதர் வந்து தொழுதார். பிறகு வந்து ஸலாம் சொன்னார். பெருமானார் பதில் ஸலாம் கூறி, அவர் தொழவில்லை என்றும், திரும்பப் போய்த் தொழும்படியும் சொன்னார்கள். அவரும் போய் முன்போலவே தொழுது வந்தார். மூன்று முறை இப்படியே நடந்தது.

அவர் கோபிக்கவில்லை. ‘என் தந்தையும் இப்படித்தான் தொழுதார்’ என்று வாதாடவுமில்லை. இதைவிட நன்றாகத் தமக்குத் தொழத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார்.

நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தவை தக்பீர், ஓதுதல், ருகூஉ, நிலை, ஸுஜூது, இருப்பு ஆகியவைதாம். ருகூவிலும் ஸுஜூதிலும் உடல் அமைதி பெறும்வரை இருக்க வேண்டும், நிமிர்ந்தால் நேராக நிமிர வேண்டும் என்றார்கள். அவரிடம் விடுபட்டிருந்தது அந்த நிதானமே. ருகூவிலிருந்து பாதி நிமிர்ந்ததும் ஸுஜூதுக்குப் பாய்கிறோமே நாம்! தராவீஹைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் கர்வமன்று, அச்சம். இப்போது பிழை என்று தெரிந்தால் நாற்பது வருடத் தொழுகை என்னாவது என்ற அச்சம். அந்த மனிதரைப் பழைய தொழுகைகளையெல்லாம் திருப்பித் தொழும்படி பெருமானார் ஏவியதாக அந்த அறிவிப்பில் இல்லை. கற்றதைத் தொழுகை முழுவதிலும் கடைப்பிடிக்கும்படியே சொன்னார்கள்.

தமிழில் ‘ஹ’ ஒன்றுதான், அரபியில் இரண்டு. ‘அல்ஹம்து’வில் வருவது தொண்டையின் நடுவிலிருந்து எழுவது. தமிழ் எழுத்தைப் பார்த்து மனனம் செய்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை. அது அவர்கள் குற்றமுமன்று. ஆனால் மத்ரஸாவில் ஓதும் பேரன் திருத்த வந்தால், ‘நேற்றுப் பிறந்தவன் நீ’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். இன்று மஃரிபுக்குப் பிறகு அவனை அருகில் உட்காரவைப்போம். நாம் ஓத, அவன் கேட்கட்டும்.