களஞ்சியமும் கதிர்களும்

லூக்கா சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானின் உவமையை எத்தனையோ அறுப்பின் பண்டிகைகளில் கேட்டிருக்கிறோம். நிலம் நன்றாக விளைந்தது. தானியம் வைக்க இடம் போதவில்லை. இருக்கிற களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட அவன் திட்டமிட்டான். அன்று இரவே உயிர் போயிற்று. சாவு எப்போது வருமென்று தெரியாது, ஆகையால் சொத்தை நம்பாதே என்பதோடு பிரசங்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். அது உண்மைதான், ஆனால் உவமையில் பாதியை அது தொடவே இல்லை. அந்த மனிதன் யாரையாவது ஏமாற்றினான் என்று இயேசு சொல்லவில்லை. கூலியைப் பிடித்துக்கொண்டான், எல்லைக்கல்லை நகர்த்தினான், அநியாய வட்டி வாங்கினான் என்று ஒரு குற்றச்சாட்டும் அதில் இல்லை. நிலம் விளைந்தது, அவ்வளவுதான். சாவையும் அவனுக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிவிட முடியாது. நீதிமானுக்கும் அது வருகிறது. பிறகு எதற்காகத் தேவன் அவனை மதிகேடன் என்று அழைத்தார்?

அவன் பேசுவதைக் கவனியுங்கள். அந்தச் சிறிய பேச்சு முழுவதும் தனக்குத் தானே பேசிக்கொள்வது. கிரேக்க மூலத்தில் ‘என்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது: என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள்கள், என் ஆத்துமா. அந்த வயலில் ஏர் பிடித்தவர்கள் இருந்திருப்பார்கள், அறுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவன் வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்களா என்றுகூட நமக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவன் நினைவில் யாருமே வரவில்லை. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிட்டிருந்ததும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் உயிர் திரும்பக் கேட்கப்படும் என்று வரும் இடத்தில் லூக்கா கையாளும் கிரேக்க வினைச்சொல், எடுத்துப்போன பொருளைத் திரும்பக் கேட்பதற்கும் அவர் வழங்கும் சொல். ‘என் ஆத்துமா’ என்று அவன் சொன்னதே இரவல் பொருள்! நான்கு ‘என்’னில் கடைசி ‘என்’ பொய்யாகிறபோது முதல் மூன்றும் தாமாகவே விழுந்துவிடுகின்றன. தகப்பன் சொத்தைப் பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுங்கள் என்று ஒருவன் வந்து முறையிட்டபோதுதான் இயேசு இந்த உவமையைச் சொன்னார் என்பதையும் மறக்கக்கூடாது. பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இயேசு ‘சேர்க்காதே’ என்று சொல்லி நிறுத்தவில்லை. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அவர் சேர்க்கவே சொல்கிறார், ஆனால் இடத்தை மாற்றிச் சேர்க்கச் சொல்கிறார். பூமியில் சேர்த்ததைப் பூச்சி அரிக்கும், துரு தின்னும், திருடர் கன்னமிடுவார்கள் என்று அவர் சொன்னபோது கேட்டவர்களுக்கு அது வெறும் உருவகமாக இருந்திராது. அக்காலத்தில் செல்வம் என்றால் துணி, தானியம், நாணயம். துணியைப் பூச்சி அரிக்கும். துரு என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல்லின் நேர்ப்பொருள் ‘தின்னுதல்’. தானியத்தைத் தின்னும் புழுவையும் அது குறித்திருக்கலாம். மண் சுவரைத் தோண்டித்தான் திருடன் உள்ளே வருவான். நம் மொழியில் கன்னக்கோல் என்று ஒரு கருவிக்கே பெயர் இருக்கிறதே. ஆகையால் நாணயத்தைத் தரையில் புதைத்தார்கள். 1955இல் சவக்கடல் ஓரத்துக் கும்ரானில் தரைக்கடியில் மூன்று பானைகள் கிடைத்தன. அவற்றுள் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1952இல், அதே பகுதியில் ஒரு குகையிலிருந்து செப்புத் தகட்டுச் சுருள் ஒன்று கிடைத்திருந்தது. பொன்னும் வெள்ளியும் புதைத்து வைக்கப்பட்ட 60க்கும் மேற்பட்ட இடங்களின் பட்டியல் அது. செம்பில் பொறித்தால் அழியாது என்று எண்ணியிருக்க வேண்டும். ஆனால் களிம்பேறி, விரித்தால் நொறுங்கும் நிலைக்கு அது வந்துவிட்டது; இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குக் கொண்டுபோய், ரம்பத்தால் கீற்றுக் கீற்றாக அறுத்துத்தான் படித்தார்கள். பட்டியலில் உள்ள புதையலில் ஒன்றும் இதுவரை கிடைத்ததாக நிரூபிக்கப்படவில்லை.

பரலோகப் பொக்கிஷம் எது என்ற கேள்விக்கு லூக்கா தெளிவாகவே விடை தருகிறார். அதே 12ஆம் அதிகாரம் 33ஆம் வசனம், உள்ளதை விற்றுப் பிச்சை கொடுப்பதையும் பழையதாய்ப் போகாத பணப்பையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. எளியவன் கைக்குப் போனது தேவனிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகையால் நித்திய ஐசுவரியம் என்பது சாவுக்குப் பின் திறக்கப்படும் வேறொரு பெட்டகம் அல்ல. இன்றைய பொருள் எந்தத் திசையில் போகிறது என்பதுதான் அது. என் வாதம் முழுவதும் இவ்வளவுதான்.

சேமிப்பது தவறா, யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கை அவர் சேர்த்து வைத்தார், அதைத் தேவஞானம் என்றே வேதம் சொல்கிறது. ஐசுவரியவானிடம் களஞ்சியம் இருந்தது போலவே யோசேப்பிடமும் இருந்தது. ஆனால் பஞ்சம் வந்தபோது யோசேப்பு களஞ்சியங்களைத் திறந்தார். திறப்பதற்காகக் கட்டியதும், பூட்டுவதற்காகக் கட்டியதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். (அந்தத் தானியத்துக்கு ஈடாக ஜனங்களின் ஆடுமாடுகளும் நிலங்களும் பார்வோனுக்குப் போயின என்று ஆதியாகமம் 47ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. அந்தப் பகுதியை நாம் விரைவாகக் கடந்துபோவது சரியல்ல.) வனாந்தரத்து மன்னாவும் இதையே காட்டுகிறது. நாளைக்கு வேண்டுமே என்ற பயத்தில் எடுத்து வைத்த மன்னா புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காகச் சொன்னபடி எடுத்து வைத்தது நாறவில்லை. பிற்காலச் சந்ததியார் பார்க்கும்படி பாத்திரத்தில் வைத்தது தலைமுறைகளுக்கும் காக்கப்பட்டது. மூன்றும் ஒரே மன்னா. பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமையின் மருந்துக்கும் எடுத்து வைப்பவர் பேரில் எந்தக் குற்றமும் இல்லை. எந்த அளவோடு நிறுத்துவது என்பதைப் பயம் தீர்மானிக்கும்போதுதான் புழு வைக்கத் தொடங்குகிறது.

இதைவிடப் பலமாக இன்று ஒலிப்பது வேறொரு மறுப்பு. ஆபிரகாம் செல்வந்தர், யோபு செல்வந்தர், ஆகவே செல்வம் ஆசீர்வாதத்தின் அடையாளம், அது இல்லாதவன் விசுவாசத்தில் குறையுள்ளவன் என்று கூசாமல் போதிக்கிறார்கள். இந்தப் போதனையால் மனம் உடைந்து, கடன்பட்டுக் காணிக்கை போடும் எளிய குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. யோபுவின் புத்தகத்தை அவர்கள் பாதிவரை படித்துவிட்டு மூடிவிட்டார்களோ? நீ ஏழையானாய், ஆகையால் நீ பாவி என்று யோபுவிடம் வாதாடியவர்கள் அவருடைய மூன்று நண்பர்கள். அவர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று 42ஆம் அதிகாரத்தில் கர்த்தரே கோபங்கொண்டார். யோபு தம் செல்வத்தைப் பற்றித் தாமே பேசும் இடம் 31ஆம் அதிகாரம். திக்கற்ற பிள்ளைக்குக் கொடாமல் தனியே உண்ணவில்லை, உடையில்லாதவனுக்கு என் ஆட்டுமயிரால் குளிர் போக்கினேன், பொன்னை நம்பிக்கையாக வைக்கவில்லை என்பவைதான் அவர் எடுத்துக்காட்டும் சான்றுகள். எத்தனை ஒட்டகம் இருந்தது என்பதை அவர் சொல்லவே இல்லை.

பரலோகப் பொக்கிஷம் என்ற பேச்சே ஏழையின் வாயை அடைக்கும் தந்திரம் என்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் முன் நாம் தலைகுனிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு அப்படித்தான் பிரசங்கம் செய்தார்கள்: எஜமானுக்குக் கீழ்ப்படி, பலன் பரலோகத்தில். ஆனால் வேதத்தைத் திறந்து, அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பரலோகப் பொக்கிஷத்துக்காக விற்றுக் கொடு என்று இயேசு சொன்னது மிகுந்த ஆஸ்தியுள்ள ஒருவனிடம். கூலிக்காரனிடம், கூலிக்குப் பதிலாக, அதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்றும், ஐசுவரியவான்களின் பொன்னைப் பிடித்த துருவே அவர்களுக்கு விரோதமான சாட்சி என்றும் யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். பேசிலியு என்ற பரிசுத்தவான் அதைப் புரிந்துகொண்டார். 368, 369ஆம் ஆண்டுகளில் கப்பத்தோக்கியாவில் பஞ்சம் வந்து, தானியம் வைத்திருந்தவர்கள் விலையேற்றத்துக்காகக் காத்திருந்தார்கள். களஞ்சியத்தை இடிக்கத் திட்டமிட்டவனின் உவமையை எடுத்து அவர் பிரசங்கித்தார். மிஞ்சியதைப் பூட்டி வைப்பதைத் திருட்டின் கணக்கிலேயே சேர்த்தார். தம் சொத்தை விற்றுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். பின்னர் செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரியதோர் இல்லத்தை எழுப்பினார். பரலோகப் பேச்சு அங்கே யாருடைய வாயையும் அடைக்கவில்லை, களஞ்சியத்தின் பூட்டைத்தான் திறந்தது.

அப்படியானால் எல்லோரும் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா? சகேயு பாதியைக் கொடுத்தார், இரட்சிப்பு அவர் வீட்டுக்கு வந்தது. எருசலேம் தேவாலயத்தில் ஏழை விதவை போட்ட இரண்டு காசு ஒரு நாள் கூலியில் 64இல் ஒரு பங்குதான். அவளிடம் இருந்ததோ அவ்வளவே. ஒரே விகிதத்தை இயேசு எல்லோர் மேலும் சுமத்தவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கூர்மையானது. பரலோகத்தில் சேர்ப்பதற்காகக் கொடுப்பதும் ஒரு முதலீடுதானே, வட்டி பெரிது என்பதால் வங்கியை மாற்றுகிற வியாபாரம்தானே? மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வலதுபக்கம் நிற்பவர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பசியாயிருந்தேன், போஜனம் கொடுத்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது, எப்போது கொடுத்தோம் என்று அவர்கள் திகைத்துக் கேட்கிறார்கள். அவர்களிடம் கணக்கு இல்லை. சவக்கடல் குகையில் பட்டியல் இருந்தது, பொக்கிஷம் இல்லை. இவர்களுக்குப் பொக்கிஷம் இருக்கிறது, பட்டியல் இல்லை.

பெத்லகேமின் போவாஸும் நல்ல விளைச்சல் கண்ட ஒரு விவசாயிதான். அவர் வயலில் கதிர் பொறுக்க ரூத் என்ற மோவாபியப் பெண் வந்தாள். அரிக்கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போட்டுவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதிருங்கள் என்று அவர் அறுப்பவர்களுக்குச் சொன்னார். அந்த மோவாபியப் பெண்ணுக்குப் பிறக்கும் ஓபேத்தையும், ஓபேத்தின் பேரனாகிய தாவீதையும், அந்த வம்சத்தில் வரப்போகிற இயேசுவையும் அன்று அவர் எப்படி அறிந்திருப்பார்? ரூத் சாயங்காலம் வரை பொறுக்கித் தட்டி அளந்தாள். ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை, நம் அளவில் 20 லிட்டருக்கு மேல். அதைச் சுமந்துகொண்டு ஊருக்குள் போனாள். மத்தியானம் தான் தின்று மீந்த வறுத்த கோதுமையையும் எடுத்துத் தன் மாமியார் நகோமிக்குக் கொடுத்தாள்.