சுமை எது?

பஞ்சாபின் மால்வா பகுதியில் மூன்று ஏக்கர் நிலம் வைத்திருக்கும் உழவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். காலம் ஏறத்தாழ 2010. பல மாதங்களாக அவருக்கு நீங்காத சோர்வு. இரத்தப் பரிசோதனை செய்ததில், ஹெபடைடிஸ் சி என்னும் வைரஸ் கல்லீரலைத் தாக்கியிருப்பது தெரிகிறது. எப்போதோ காய்ச்சலுக்காகப் போட்டுக்கொண்ட ஊசி, தூய்மை செய்யப்படாமல் பலருக்கும் பயன்பட்ட ஊசி, அதைக் கொண்டுவந்திருக்கலாம். அவர் செய்த பிழை ஒன்றுமில்லை.

அன்று அதற்கு இருந்த சிகிச்சை, வாரந்தோறும் இன்டர்ஃபெரான் ஊசியும் அன்றாடம் ரிபாவைரின் மாத்திரைகளும். ஆறு மாதமோ ஓராண்டோ அதைத் தொடர வேண்டும். செலவு லட்சக்கணக்கில் ஆகும். காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு ஆகியவை உடன் வரும். இவ்வளவுக்குப் பிறகும் நோய் நீங்குமென்ற உறுதி இல்லை. மனைவி தன் நகைகளை எடுத்து வைக்கிறாள். ஓர் ஏக்கரை விற்றுவிடலாம், போதாததை மண்டித் தரகரிடம் வட்டிக்கு வாங்கலாம் என்கிறான் மகன். தந்தையோ, "எனக்காக எதையும் விற்காதீர்கள். நான் உங்களுக்குச் சுமையாக இருக்கமாட்டேன்" என்று கூறிச் சிகிச்சையையே மறுத்துவிடுகிறார்.

இத்தகைய பேச்சு இந்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கேட்ட பேச்சு. அந்த மறுப்பு தியாகமா? அதை ஏற்றுக்கொள்வது குடும்பத்திற்குத் தகுமா?

தியாகத்தின் இலக்கணம்

நாற்பத்தெட்டு நாள் பட்டினி கிடந்த ரந்திதேவன், கடைசியில் கிடைத்த உணவையும் நீரையும் கேட்டு வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டதாக பாகவதம் கூறுகிறது. அக்கதையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. அவன் கொடுத்தது எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல், உள்ளக் கனிவினால் கொடுத்தது. அவன் கொடுத்ததால் எதிரே நின்றவரின் துன்பம் உண்மையாகவே தீர்ந்தது. சுதந்திரமாகக் கொடுத்தலும், பிறர் துன்பம் தீர்தலுமே தியாகத்தின் இரு அடையாளங்கள் எனலாம்.

உழவரின் நிலை அவ்வாறன்று. அவர்முன் திறந்திருப்பவை இரண்டே வழிகள்: ஒன்று தம் உயிர், மற்றொன்று பிள்ளைகளின் சோறு. வேறு வழியே இல்லாத இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைச் சுதந்திரம் என்று சொல்ல இயலாது. அவருடைய அன்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைத் 'தியாகம்' என்று போற்றிவிட்டு அப்பால் செல்வது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வசதியாக அமைந்துவிடுகிறது.

அவர் மறுத்ததனால் குடும்பத்தின் துன்பம் தீர்வதும் இல்லை. கவனிக்கப்படாத இந்நோய் பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, சிலருக்குக் கல்லீரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் முற்றுகிறது. அப்போது ஆகும் செலவு முன்னையதைவிடப் பன்மடங்கு. உழைத்துக் காப்பாற்றிய கையும் ஓய்ந்துவிடும். 'அப்பாவைக் கைவிட்டோம்' என்னும் எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் ஆயுள்வரை முள்ளாகக் கிடக்கும். ஆகவே நோயுற்றவர் தனியே இருந்து இம்முடிவை எடுக்க விடாமல் இருப்பதே குடும்பத்தின் முதற்கடமை. 'நான் சுமை' என்று அவர் சொல்லும்போது, அச்சொல்லையே திருத்த வேண்டும். சுமையாக இருப்பது மருந்தின் விலை, மனிதர் அல்லர்.

விதியா, மனித ஏற்பாடா?

'அவரவர் கர்மம்' என்று சிலர் கூறுவதுண்டு. கர்மம் பற்றிய சிந்தனை, தனக்கு வந்த துன்பத்தைத் துணிவோடு தாங்குவதற்காக ஒருவனுக்கு அளிக்கப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டும் காணாமல் கடந்து செல்வதற்காக அன்று. இந்நோயின் மருந்துக்கு நேர்ந்த வரலாறே இதற்குச் சான்று.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு அங்கு வைக்கப்பட்ட விலை 84,000 டாலர், அதாவது ஒரு மாத்திரை 1,000 டாலர். 2014-இல் இந்திய நிறுவனங்களுக்கு அதைத் தயாரிக்க உரிமம் வழங்கப்பட்டது. அவை தயாரித்த மாத்திரைகள் 2015 முதல் விற்பனைக்கு வந்தன. டாலரில் ஆயிரங்களாக இருந்த விலை ரூபாயில் ஆயிரங்களாக இறங்கியது. 2016-இல் பஞ்சாப் அரசு மாவட்ட மருத்துவமனைகளிலேயே அதை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 48,000 பேர் அங்கே பதிவு செய்துகொண்டனர். சிகிச்சையை முடித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைந்தனர். 2018 ஜூலை 28 அன்று, ஹெபடைடிஸ் பி, சி இரண்டிற்கும் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது.

நோய் அதே நோய். மாத்திரையும் அதே மாத்திரை. இடையில் மாறியது மக்களின் கர்மமா? இல்லை. மனிதர்கள் எடுத்த முடிவு மாறியது. மனித முடிவால் நீங்கிய ஒன்று, அதற்கு முன்பும் விதியாக இருந்திருக்க முடியாது. அப்படியானால் 2010-இல் சிகிச்சையை மறுத்த உழவர் கொடுத்தது, சமுதாயம் கொடுத்திருக்க வேண்டிய ஒன்று.

மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் உழைப்பிற்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் உழைப்பிற்குக் கூலி கேட்பது வேறு, உயிருக்கு விலை கேட்பது வேறு. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், இறக்குமதித் தடுப்பூசியைவிட மிகக் குறைந்த விலையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அளித்தது. எளியவருக்கும் எட்டும் விலையில் நல்ல மருந்து செய்ய இயலும் என்பதை அது காட்டியது.

இலவசத்திற்கு அப்பால்

இவ்வளவோடு கடமை முடிந்துவிட்டதா? பஞ்சாபில் இலவச மருந்து கிடைத்தும், பதிவு செய்துகொண்ட அனைவரும் சிகிச்சையை முடிக்கவில்லை. மாத்திரை இலவசம் என்றாலும் பேருந்துக் கட்டணம் இலவசமன்று. மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளுக்குக் கூலியும் இல்லை. ஹெபடைடிஸ் பி-க்கு உரிய மருந்து நோயை அடக்கி வைக்கிறதே தவிர, பெரும்பாலும் முற்றாக நீக்குவதில்லை. பலர் அதை ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யுடனும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி-யுடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இத்தனை குடும்பங்களின் சுமையை அரசு ஒன்றே சுமக்க இயலாது.

பணத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றாக உண்பதாலோ கைகுலுக்குவதாலோ இவ்விரு நோய்களும் பரவுவதில்லை. ஆயினும் நோயாளிக்குத் தனித் தட்டு வைக்கும் வீடுகள் உண்டு. அந்தத் தட்டைக் கண்டவர் பரிசோதனைக்குச் செல்லவே அஞ்சுகிறார், நோயை மறைக்கிறார். மறைத்த நோய் பின்னர் பெருஞ்செலவாக வெளிப்படுகிறது.

அதே பஞ்சாபின் குருத்வாராக்களில், லங்கரில் வந்து அமர்பவரை யாரென்று எவரும் கேட்பதில்லை. அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்கின்றனர். பல நூற்றாண்டுகளாகப் பசிக்கு விலை கேட்காத அந்த அறம், நோய்க்கும் பொருந்தும். பரிசோதனைக்குத் துணையாகச் செல்வது, கூலியிழந்த நாளில் அந்த வீட்டுக்கு அரிசியோ கோதுமையோ கொடுத்தனுப்புவது, திட்டம் இருப்பதையே அறியாதவருக்கு எடுத்துச் சொல்வது, நோயாளியுடன் அமர்ந்து உண்பது ஆகியவை எவராலும் இயன்றவை.

நோயுற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. கொடுப்பது போலவே, கொடுப்பதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்வதும் ஒரு பண்பு. ஆயுளெல்லாம் பிறருக்காக உழைத்தவர் ஒருமுறை பிறர் கையைப் பற்றிக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை.

"நான் சுமையாக இருக்கமாட்டேன்" என்று இன்றும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தந்தை கூறிக்கொண்டிருக்கலாம். "நீங்கள் சுமையல்ல, வாருங்கள், சேர்ந்தே மருத்துவமனைக்குப் போவோம்" என்று கூற மகன் ஒருவன் போதும். அவ்வாறு கூறுவதற்காக அவன் நிலத்தை விற்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது, அந்த ஊரின், அந்த நாட்டின் தர்மம்.