மயக்கம் தெளிஞ்ச பிறகும் குழப்பமா? சனி மேல பழி போடாதீங்க



எங்க ஊர் குச்சனூர். சுரபி நதிக்கரையில சுயம்பு சனீஸ்வரர் இருக்கிற ஊர். யாருக்கு என்ன ஆனாலும் இங்க முதல்ல வர்ற வார்த்தை "சனி புடிச்சிருக்கு". போன வருஷம் அம்மாச்சிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். மறுநாள் ராத்திரி என்னையே "நீ யாருப்பா?"ன்னு கேட்டுச்சு. செவுத்துல பாம்பு போகுதுன்னுச்சு. சொந்தத்துல பாதிப்பேர் சனி தோஷம்னாங்க. மீதிப்பேர் மயக்க ஊசி மூளையைக் கெடுத்துருச்சுன்னாங்க.

இதுக்குப் பேர் டெலிரியம். வயசானவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில நாள்ல வர்ற திடீர் குழப்பம். மயக்க மருந்து மட்டும் காரணம் இல்லை. இடுப்பு எலும்பு முறிஞ்ச சுமார் 1,600 பேரை வச்சு அமெரிக்காவுலயும் கனடாவுலயும் நடந்த ஆய்வு 2021-ல வெளிவந்துச்சு. முழு மயக்கம் கொடுத்தாலும், முதுகுல ஊசி போட்டாலும், ஏறக்குறைய 5-ல ஒருத்தருக்கு இந்தக் குழப்பம் வந்துச்சு. வலி, தூக்கமின்மை, நீர் வத்துறது, கிருமித் தொற்று எல்லாமே காரணமாகலாம். அதனாலதான் உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். பெரும்பாலும் சில நாள்ல தெளியும். சிலருக்கு ஞாபகமும் யோசனையும் பழையபடி வர மாசங்கள் ஆகும்.

பாம்பன் சுவாமிகளை நினைச்சுப் பாருங்க. 1923 டிசம்பர் 27, சென்னை தம்புசெட்டித் தெருவுல குதிரை வண்டி மோதி இடது கால் முறிஞ்சது. பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. சீடர் சண்முக கவசம் பாராயணம் பண்ணினார். 11-ஆம் நாள் சுவாமிகளுக்கு மயில் காட்சி கிடைச்சது. அதைத்தான் மயூர வாகன சேவனம்னு இன்னைக்கும் கொண்டாடுறோம். ஆனா ஒண்ணு கவனிங்க. சீடர்கள் அவரை ஆஸ்பத்திரியை விட்டுத் தூக்கிட்டுப் போகலை. மருந்தும் கவசமும் சேர்ந்தேதான் நடந்துச்சு.

அது ஒரு ஞானியோட அனுபவம். நம்ம வீட்டுப் பெரியவங்க எதையாவது பார்த்தா, பாம்புன்னா தோஷம், மயில்னா அருள்னு நாமளே தீர்ப்பு எழுதக்கூடாது. நர்ஸ்கிட்ட சொல்லணும்.

நாம செய்ய வேண்டிய தொண்டு இதுதான்:

🔹 ஆபரேஷனுக்கு முன்னாடியே மறதி, சாப்பிடுற மாத்திரை, குடிப்பழக்கம் எதையும் மறைக்காம சொல்லுங்க.
🔹 கண்ணாடி, காது மெஷினை சீக்கிரம் மாட்டி விடுங்க.
🔹 இது எந்த இடம், என்ன கிழமைன்னு பொறுமையா சொல்லிக்கிட்டே இருங்க. வாக்குவாதம் வேண்டாம்.
🔹 பகல்ல வெளிச்சம், ராத்திரி அமைதி.
🔹 தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துலயே இருக்கட்டும்.

பக்கத்துல உட்கார்ந்து மெதுவா கவசம் சொல்லுங்க. அவங்க நம்மை மறந்த நேரத்துல நாம அவங்களை விடாம இருக்கிறதும் முருகன் பூஜைதான்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚