அட்டைக் கிரீடம்

ஒரு கிரீடம் செய்ய என்ன செலவாகும்? சும்மா ஒரு தோராயமாகச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் ஏற்காட்டில் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன். பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்? மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி, செலவு இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலு, அதுவும் சும்மா. தங்க நிற ஜிகினாத் தாள் 20 ரூபாய். சம்கி, மணி வகையறா 30 ரூபாய். பசைக்கு வீட்டு மைதா. ஆக மொத்தம் 50 ரூபாய்க்குப் பாண்டிய நாட்டின் மணிமுடி தயார்!

என் தங்கை அங்கே ஒரு காபி எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறாள். மாப்பிள்ளை எஸ்டேட் கணக்கு எழுதுகிறார். மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத் தமிழ் விழாவில் கண்ணகி நீதி கேட்கும் நாடகம். இவள்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். சேலத்துக் கடையில் ராஜா உடைக்கு ஒரு நாள் வாடகை 350 ரூபாய், அதற்கு மேல் முன்பணம் 500. மாசக் கடைசி வேறு. 'நானே பண்ணிடறேன்' என்று கத்திரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டாள் தங்கை.

அதிலும் ஒரு வித்தை இருக்கிறது சார். குழந்தையின் தலையைச் சுற்றி நூல் பிடித்து அளந்தாள். ஒட்டுவதற்கு இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டாள். பெட்டி அட்டைக்குள் வரிவரியாக ஓடுகிறதே, அது நெட்டுக்குத்தாக இருந்தால்தான் வட்டமாக வளையும். படுக்கைவாட்டில் வெட்டினால் மடிந்து ஒடிந்துபோகும். பத்திரிகைகளில் இருந்த தங்கப் பூவேலையை நறுக்கி முகப்பில் ஒட்டினாள். நெற்றியை அறுக்காமலிருக்க உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு பட்டை. எல்லாம் சரி, ஏற்காட்டு ஆகஸ்ட் மழையிலும் பனிமூட்டத்திலும் மைதா பசை லேசில் காயுமா? அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, திருப்பித் திருப்பிக் காயவைத்தாள். இரண்டு ராத்திரி வேலை.

மறுநாள் விழா. தூங்கப் போகுமுன் மருமகள் என் காதருகில் வந்து ரகசியமாகக் கேட்டாள்: ''மாமா, கிரீடம் எங்க வாங்கினதுன்னு யாராவது கேட்டா, சேலத்துல வாடகைக்கு எடுத்ததுன்னு சொல்லிக்கட்டுமா?''

''சொல்லிக்கோ, போ'' என்றேன். சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

நீங்கள் கேட்கலாம், இதில் என்னய்யா பெரிய பொய்? அந்தப் பெண் பாண்டியனும் இல்லை, ஆணும் இல்லை. ஏற்காடு மதுரையும் இல்லை. அட்டை தங்கமும் இல்லை. இத்தனை பொய்க்கு நடுவில் இன்னொரு குட்டிப் பொய்யால் என்ன குடிமுழுகிவிடும்?

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்போது சின்ன வயசில் பார்த்த தெருக்கூத்து ஞாபகம் வந்தது. ராஜா வேஷக்காரர் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுவார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் பதித்த சாமான்கள் அவை. ஏன் அந்த மரம்? கனம் இல்லாத மரம். ராத்திரி முழுக்கக் கழுத்து தாங்க வேண்டுமே! அதே இனத்து மரங்களைத்தான் காபித் தோட்டங்களில் நிழலுக்கும், மிளகுக்கொடி ஏறுவதற்கும் வைக்கிறார்கள். ஆக, தங்கை வீட்டு வாசலிலேயே ராஜகிரீடம் இலை விட்டுக்கொண்டு நிற்கிறது.

கூத்து பார்க்கிற அத்தனை பேருக்கும் அது மரம் என்று தெரியும். காலையில் அவர் நம்மோடு டீக்கடையில் நிற்பார் என்றும் தெரியும். தெரிந்தேதான் கும்பிடுகிறோம், தெரிந்தேதான் அழுகிறோம். வேஷம் என்பது இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்ட விஷயம். பொய் அப்படியில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த வேஷம் அது. எதிரில் இருப்பவர் டிக்கெட் வாங்கவே இல்லை. ஆனாலும் அவரை நாடகத்தில் உட்கார வைத்துவிடுகிறோம்.

வாடகைக்கு எடுப்பது கேவலம் என்று நான் சொல்லவரவில்லை. நிஜ ராஜாக்களே எடுத்திருக்கிறார்கள்! இங்கிலாந்தில் 1649-ல் ராஜாவின் தலையை வெட்டியவர்கள் பழைய கிரீடத்தையும் உருக்கிவிட்டார்கள். மன்னராட்சி திரும்பியதும் 1661-ல் இரண்டாம் சார்லஸுக்காகப் புதிதாக ஒன்று செய்தார்கள். தங்கம், இரண்டு கிலோவுக்கு மேல் கனம். கற்கள்? முடிசூட்டுக்காக வாடகைக்கு வாங்கிப் பதித்து, விழா முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிரந்தரமாகக் கல் பதித்தது 1911-ல்தான். அதே கிரீடத்தைத்தான் 2023 மே 6-ம் தேதி மூன்றாம் சார்லஸ் தலையில் வைத்தார்கள். ஆகவே 350 ரூபாய் வாடகை கொடுத்த பெற்றோர்கள் யாரும் தலைகுனிய வேண்டாம்.

அப்படியானால் எதுதான் உறுத்துகிறது?

என் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அட்டை எழுதினேன், ஜிகினா எழுதினேன், மைதா எழுதினேன். கூலி என்று ஒரு வரி எழுதவே இல்லை. தங்கையின் இரண்டு ராத்திரி எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. 'வாடகைக்கு எடுத்தது' என்ற பொய் அடிப்பது அந்த வரியைத்தான். கிரீடம் அப்படியே இருக்கும். செய்த கை மட்டும் காணாமல் போகும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அந்த வகுப்பில் 350 ரூபாய் புரட்ட முடியாத வேறொரு பெண் இருப்பாள். அவள் நம் அட்டைக் கிரீடத்தைப் பார்த்து, 'ஓ, இதெல்லாம் கடையில்தான் கிடைக்கும்' என்று நம்பி வீட்டுக்குப் போவாள். அவளுடைய அம்மா அன்றைக்கு ராத்திரி யாரிடமாவது கைமாற்று கேட்பாள். நம் கௌரவத்துக்காக நாம் சொல்கிற பொய்க்குப் பல நேரம் நாம் விலை கொடுப்பதில்லை. பக்கத்து வீடு கொடுக்கிறது.

'அதுக்காக எட்டு வயசுப் பிள்ளை தலையில் ஏன் சார் இத்தனை பாரம்?' என்கிறீர்களா? நியாயமான கேள்வி. கையால் செய்ததற்குக் கூசவேண்டும் என்று அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. நாம்தான் கற்றுக்கொடுத்தோம். 'எங்க எடுத்தீங்க, என்ன ரேட்?' என்று எந்த விசேஷத்திலும் முதல் கேள்வியாகக் கேட்கிறவர்கள் நாம்தானே? அதனால் பொய் கேட்ட குழந்தை மேல் எனக்குக் குறையில்லை. யோசிக்காமல் அனுமதி கொடுத்த மாமா மேல்தான் குறை.

விழா நடந்தது. அரங்குக்குள்ளேயே பனி புகுந்துவிட்டது. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. தப்பு தன்னுடையது என்று பாண்டியன் உணர்கிற அந்தக் கட்டத்தில், ஈரத்தில் பசை விட்டு, முகப்பு மெதுவாக முன்னால் சாய்ந்தது. குடை தாழ்ந்து செங்கோல் தளர்ந்ததாக இளங்கோவடிகள் பாடிய காட்சியில், கிரீடமும் தளர்ந்தால் எப்படி இருக்கும்? ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, இனி நான் ராஜா இல்லை என்று சொல்லி விழுந்தாள் மருமகள். ஒரே கைதட்டல். திட்டம் போட்டுச் செய்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வெளியே வந்ததும் கண்ணகி வேஷம் போட்ட பெண் ஓடிவந்து கேட்டாள். ''எந்தக் கடை இது?''

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ''சேலம்'' என்றாள். நான் மழையைப் பார்த்தேன். தங்கை சற்றுத் தள்ளி, சாய்ந்த முகப்பைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் இது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. போன வாரம் போன் செய்து மருமகளிடம் சொன்னேன்: ''அன்னைக்கு மாமா சொன்னது தப்புடா.''

''நான் அன்னைக்கு ராத்திரியே அம்மாகிட்ட சொல்லிட்டேன் மாமா. அடுத்த நாள் கண்ணகிகிட்டயும் சொல்லிட்டேன். அவளுக்கு ஒண்ணு பண்ணித் தரணுமாம்'' என்றாள். ஆக, ஒரு வருஷமாகத் தெரிந்தும் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ''இந்த வருஷம் என்ன கிரீடம் பண்றே?'' என்று கேட்டுவைத்தேன்.

''இந்தத் தடவை வாடகைக்கே எடுத்துட்டேண்ணா. இந்த மழையில மைதாவோட யார் மல்லுக்கட்டறது?'' என்று சிரித்தாள். ''யாராவது கேட்டா, வாடகைன்னே சொல்லச் சொல்லியிருக்கேன்.''